திறக்கவும் வேண்டும், திறந்துவிடவும் கூடாது

குளிர்பான டின் ஒன்று கைக்கு வந்தால் உடனே திறந்துவிடாதீர்கள். அதன் மூடியை வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு குமிழ். அந்தக் குமிழ் ஒரு வளையத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வளையத்தின் மூக்குக்கு அடியில் முட்டை வடிவில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அது ஒன்றல்ல, இரண்டு கோடுகள். ஒன்றையொட்டி ஒன்று இணையாகப் போகின்றன. அந்த முட்டை வடிவமும் முழுதாகச் சுற்றி முடிவதில்லை. ஓரிடத்தில் கோடு நின்றுவிடுகிறது. வளையத்தின் வால்பக்கத்துக்குக் கீழே, விரல் நுனி நுழைவதற்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது.

இவற்றில் ஒன்றுகூட அலங்காரம் இல்லை. கோடு ஏன் இரண்டு, அது ஏன் பாதியில் நிற்கிறது, குமிழ் ஏன் சரியாக அந்த இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், உலோகத்தோடு மனிதர் நடத்திய நீண்டதொரு பேச்சுவார்த்தை தெரியவரும்.

அந்தப் பேச்சுவார்த்தை கடினமானது. காரணம், மூடியிடம் நாம் கேட்பவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. குளிர்பானத்துக்குள் கரைந்திருக்கும் கரியமில வாயு வெயிலில் சூடேறினால் மூடியை உள்ளிருந்து பலமாகத் தள்ளும். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 6 மடங்கு வரை தாங்கும்படிதான் இந்த டின்கள் வடிவமைக்கப்படுகின்றன. மூடியின் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால், அந்தச் சின்ன வட்டம் தாங்க வேண்டிய விசை 100 கிலோ எடைக்கும் மேல் வருகிறது. லாரியில் குலுங்கும்போதும், கிடங்கில் அடுக்கி வைக்கும்போதும், கைதவறித் தரையில் விழும்போதும் அது விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அதே மூடி, ஒரு சிறுமியின் ஆள்காட்டி விரல் தூக்கினால் அந்தக் கணமே திறந்துகொள்ள வேண்டும். மூடி வடிவமைப்பு என்பது முழுக்க முழுக்க இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் கலை.

உளி, சுத்தியல், சாவி

உணவைக் கெடாமல் அடைத்து வைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர். 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசு தந்தது. அவர் பயன்படுத்தியது கண்ணாடிப் புட்டிகளை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டு டின்னுக்குக் காப்புரிமை பெற்றார். பிரையன் டான்கின், ஜான் ஹால் ஆகியோர் 1813இல் லண்டனின் பெர்மண்ட்சியில் தொழிற்சாலை தொடங்கி, பிரிட்டிஷ் கடற்படைக்கு டின் இறைச்சி அனுப்பினார்கள்.

அடைக்கும் வழி கிடைத்துவிட்டது. திறக்கும் வழியை யாரும் யோசிக்கவில்லை. அன்றைய டின்கள் தடித்த இரும்புத் தகட்டைக் கையால் வளைத்து, ஈயப்பற்று வைத்து ஒட்டியவை. 1824இல் எட்வர்ட் பாரியின் ஆர்க்டிக் பயணத்தில் கொண்டுபோகப்பட்ட டின்னின் மேல், உளியும் சுத்தியலும் கொண்டு மேல்புறத்தைச் சுற்றி வெட்டவும் என்று அச்சிட்டிருந்தது. கப்பலில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. மாலுமியிடம் உளி இருக்கும், கத்தி இருக்கும், கைபலமும் இருக்கும். டின் சாதாரண வீட்டு அடுக்களைக்கு வந்தபோதுதான் அது குறை என்று புரிந்தது.

அதற்கென்றே ஒரு திறப்பான் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு அருகில் ஆயிற்று. இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸ் 1855இல் ஒன்றைச் செய்தார். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் 1858இல் இன்னொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டுமே குத்தி அறுக்கும் கத்திகள். விளிம்போடு உருண்டுபோகும் சக்கரத்தை வில்லியம் லைமன் 1870இல் கொண்டுவந்தார். இன்று நம் வீடுகளில் இருக்கும் டின் கட்டர் அதன் வழிவந்ததுதான்.

1866இல் நியூயார்க்கின் ஜே. ஆஸ்டர்ஹவுட் பெற்ற காப்புரிமை வேறு திசையில் போனது. சாவி ஒன்றைக் கொண்டு தகட்டைச் சுருட்டித் திறக்கும் டின் அது. பிற்காலத்தில் மத்தி மீன் டின்னும் மாட்டிறைச்சி டின்னும் இந்தச் சாவியோடு உலகமெங்கும் போயின. திறக்கும் கருவி அடுக்களை இழுப்பறையில் இருக்க வேண்டியதில்லை, டின்னோடு கூடவே வரலாம் என்பது அப்போது நிலைபெற்ற எண்ணம். ஆனாலும் சாவி தனிப் பொருள். அது தொலைந்தால் டின்னும் பூட்டியபடிதான் கிடக்கும். திறப்பான் மூடியின் உடம்போடு சேர்ந்தே இருக்க வேண்டும். அங்கேதான் பொறியாளர்கள் நெடுங்காலம் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

துளை போடாத ஆணி

1935இல் அமெரிக்காவில் பீர் டின்னில் வந்தது. தட்டையான அந்த மூடியில் கூர்முனைத் திறப்பானால் இரண்டு ஓட்டை போட வேண்டும்: ஒன்று ஊற்றிக் குடிக்க, மற்றொன்று காற்று உள்ளே போக. திறப்பானை மறந்து சுற்றுலா போனவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர்களில் ஒருவர், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ். 1959இல் குடும்பத்தோடு போன இடத்தில் திறப்பான் இல்லாமல், கார் பம்பரில் மோதி டின்னைத் திறக்க வேண்டியிருந்தது என்று அந்தக் கதை சொல்லப்படுகிறது.

திறப்பானை மறந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஃப்ரேஸுக்கு மட்டும் விடை கிடைத்ததற்குக் காரணம் அவருடைய தொழில். 1949இல் அவர் தொடங்கிய நிறுவனம் பிரஸ் இயந்திரங்களுக்கு டூல், டை செய்து தரும் பட்டறை. தகட்டை எவ்வளவு இழுத்தால் நீளும், எங்கே அழுத்தினால் மெலியும், எந்த இடத்தில் கிழியும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். அந்தக் காலத்தில் அலுமினியத்தில் டின் வரத் தொடங்கியிருந்ததும் அவருக்கு வாய்ப்பானது. இரும்புத் தகட்டைவிட அது மென்மையானது, கீறியபடி கிழியக்கூடியது.

வளையத்தை மூடியோடு எப்படி இணைப்பது என்பதுதான் சிக்கல். ஆணி அடித்தால் துளை விழும். துளை விழுந்தால் வாயு கசியும். பற்றவைத்தால் மெல்லிய தகடு அந்தச் சூட்டில் கெடும். ஃப்ரேஸின் விடை, ஆணியை வெளியிலிருந்து கொண்டுவராமல் மூடியின் தகட்டிலிருந்தே எழுப்புவது.

அது நடக்கும் விதத்தைப் பார்ப்போம். முதல் அழுத்தத்தில் மூடியின் நடுவே அகலமான, உயரம் குறைந்த ஒரு குமிழி எழும்புகிறது. சுற்றியுள்ள உலோகம் கொஞ்சம் நகர்ந்து அந்த இடத்தில் சேர்கிறது. அடுத்த அழுத்தத்தில் குமிழி குறுகி, உயர்ந்து, சட்டைப் பொத்தான் போல நிமிர்கிறது. மூன்றாவது கட்டத்தில், நடுவில் ஓட்டையுள்ள வளையம் அந்தப் பொத்தானின் மேல் வந்து அமர்கிறது. கடைசி அடியில் பொத்தானின் தலை நசுங்கி அகன்று, வளையத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. ரிவெட் தயார். மூடியில் எங்கும் துளை இல்லை. டின் காலியானதும் மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவினால் ஒரு குழிவு தட்டுப்படும். ஓட்டை தட்டுப்படாது.

இது ஒரேயடியில் முடிகிற வேலை அல்ல. அவசரப்பட்டு ஒரே இழுப்பில் எழுப்பினால் தகடு கிழிந்துவிடும். அதனால்தான் படிப்படியாக, வரிசையான அச்சுகளில் உலோகத்தைத் திரட்டுகிறார்கள். இன்றைய பிரஸ்கள் இதை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை செய்கின்றன.

ஃப்ரேஸின் மூடிக்கான உரிமையை அல்கோவா அலுமினிய நிறுவனம் வாங்கியது. 1962இல் பிட்ஸ்பர்க்கின் அயர்ன் சிட்டி பீர் இந்த மூடியோடு விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஷ்லிட்ஸ் நிறுவனம் சேர்ந்துகொண்டது. 1965 வாக்கில் அமெரிக்க பீர் நிறுவனங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி இந்த மூடிக்கு மாறியிருந்தன.

அளந்து வைத்த பலவீனம்

ரிவெட்டுக்கு இணையான இன்னொரு நுட்பம் அந்தக் கீறல் கோடு. குளிர்பான மூடித் தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கூரான அச்சு அதன் மேல் இறங்கிப் பாதி தடிமனை அமுக்கிவிடுகிறது. கோட்டின் அடியில் மிஞ்சுவது சுமார் 0.1 மில்லிமீட்டர் உலோகம். கீறல் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் டின் கடையிலேயே வெடிக்கலாம். கொஞ்சம் மேலே நின்றுவிட்டால் வளையம் ஒடிந்து கையோடு வரும், டின் திறக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில்தான் சொல்ல முடியும். கோடிக்கணக்கான மூடிகளில் ஒவ்வொன்றிலும் அந்த அளவு தவறாமல் வர வேண்டும்.

இரட்டைக் கோட்டின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அச்சு இறங்கும்போது நசுங்கிய உலோகம் எங்காவது போயாக வேண்டும்; பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலில் கோட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம். பக்கத்திலேயே ஆழம் குறைந்த இன்னொரு கோடு போட்டால் அந்த இறுக்கத்தை அது பங்குபோட்டுக்கொள்கிறது. முதல் கோடு கிழிவதற்கு. இரண்டாவது கோடு, முதல் கோடு நேரத்துக்கு முன்பே கிழியாமல் இருப்பதற்கு.

மூடிக்கு என்று தனி உலோகக் கலவையும் உண்டு. டின்னின் உடலைவிட மூடியின் அலுமினியத்தில் மக்னீசியம் அதிகம், அதனால் விறைப்பு அதிகம். உடலின் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டராக மெலிந்திருக்க, மூடி அதைப் போல இரண்டு மடங்கு தடிமன். டின்னின் கழுத்து உள்வாங்கிக் குறுகியிருப்பதும் இதனால்தான். தடித்த மூடியின் வட்டம் சிறுத்தால் உலோகம் மிச்சம்.

காலைக் கிழித்த வளையம்

ஃப்ரேஸின் மூடியில் ஒரு குறை இருந்தது. இழுத்ததும் வளையமும் அதோடு ஒட்டிய தகட்டுத் துண்டும் தனியாகக் கழன்று கையில் வந்துவிடும். அதை எங்கே போடுவது? கடற்கரையில், பூங்காவில், சாலையோரத்தில் போட்டார்கள். மணலில் நடந்தவர்களின் பாதம் கிழிந்தது. பறவைகளும் விலங்குகளும் விழுங்கின. தரையில் போட மனமில்லாத சிலர் டின்னுக்குள்ளேயே போட்டுவிட்டு, குடிக்கும்போது தாங்களே விழுங்கினார்கள். 1971இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் கொண்டுவந்த புட்டிச் சட்டம் கழன்று விழும் வளையங்களைத் தடைசெய்தது.

பொத்தானை அழுத்தித் திறக்கும் மூடி போன்ற சில மாற்றுகளும் அந்தப் பத்தாண்டில் வந்தன. நிலைத்தது, ரெனால்ட்ஸ் மெட்டல்ஸ் நிறுவனத்தின் டேனியல் கட்ஸிக் வடிவமைத்து, 1975இல் கென்டக்கியின் ஃபால்ஸ் சிட்டி பீர் டின்னில் வெளிவந்த மூடி. இன்று நம் கையில் இருப்பது அந்த வகைதான். வளையமும் கழல்வதில்லை, துண்டும் கழல்வதில்லை. முட்டை வடிவக் கோடு பாதியில் நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். கீறாமல் விட்ட அந்தச் சிறு இடம்தான் கீல். கிழிந்த பகுதி அந்தக் கீலில் மடங்கி உள்ளே தொங்குகிறது.

ஆனால் உள்ளே தள்ளித் திறப்பதில் ஒரு புதிய சிக்கல் உண்டு. வாயு வெளியே தள்ளுகிறது, நாமோ உள்ளே தள்ளுகிறோம். குடிக்கும் வாயின் பரப்பு சில சதுர சென்டிமீட்டர். அதன் மேல் பல கிலோ எடைக்குச் சமமான எதிர்விசை. விரலளவு வளையம் அதை எப்படி வெல்லும்?

வெல்வதற்கு முன் அது வேறொன்று செய்கிறது. வளையம் ஒரு நெம்புகோல். பள்ளிப் பாடத்தில் படித்த நெம்புகோல் வகைகளில் இரண்டாக அடுத்தடுத்து வேலைசெய்யும் நெம்புகோல். முதலில் வாலைத் தூக்கும்போது வளையத்தின் மூக்கு மூடியில் ஊன்றி நிற்கிறது. ஊன்றும் இடம் ஒரு முனையில், விசை மறுமுனையில், பளு நடுவில். பாக்குவெட்டி வேலைசெய்வது இப்படித்தான். அந்தப் பளு, ரிவெட். ரிவெட் ஒரு மயிரிழை மேலே தூக்கப்படுகிறது; அதையொட்டியுள்ள கீறலில் சின்னதாக ஒரு வெடிப்பு விழுகிறது; வாயு சீறி வெளியேறுகிறது. நாம் கேட்கும் அந்த முதல் 'புஸ்' சத்தம் இதுதான். எதிர்விசை அடங்கிவிட்டது.

தொடர்ந்து தூக்கும்போது ஊன்றும் இடம் மாறிவிடுகிறது. இப்போது ரிவெட் ஊன்றுகோல். மூக்கு பளுவைத் தள்ளும் முனை. மூக்கு கீழே அழுந்த, கீறல் கோடு வழியே தகடு கிழிந்து உள்ளே மடிகிறது. ஒரே விரல், ஒரே அசைவு, அரை நொடி. அந்த அரை நொடிக்குள் ஒரு கருவி தன் வகையையே மாற்றிக்கொள்கிறது. ரிவெட், மூக்கு, கோடு மூன்றும் இருக்கும் இடத்தை வடிவமைப்பாளர் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

உணவு டின்னின் கதை வேறு

மீன், பழம், பருப்பு, ரசகுல்லா அடைத்த டின்களில் மூடி முழுவட்டமாகத் திறக்க வேண்டும். கீறல் கோடு விளிம்பையொட்டி ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. வளையத்தைத் தூக்கியதும் மூக்கு கோட்டை உடைக்கிறது. அதற்குப் பிறகு கடைசி வரை இழுத்துக் கிழிக்க வேண்டும். தகடு பெரும்பாலும் இரும்பு. எனவே இழுக்கத் தேவைப்படும் பலம் அதிகம்.

இந்த மூடி படும் பாடும் அதிகம். மீன், பருப்பு போன்றவற்றின் டின்னை அடைத்த பிறகு கிருமிகள் சாக 121 டிகிரி செல்சியஸ் அளவுக்கு நீராவியில் வேகவைக்கிறார்கள். அப்போது உள்ளிருக்கும் நீரும் காற்றும் விரிந்து மூடியை வெளியே தள்ளும். குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியை உள்ளே இழுக்கும். மூடியில் தெரியும் வட்ட வட்ட வரிகள் இதற்காகத்தான். மூடி வெளியே உப்பி மீண்டும் உள்ளே அமர அவை இடம்கொடுக்கின்றன, கீறலுக்குப் பாரம் போகாமல் காக்கின்றன. கீறும்போது தகட்டின் மேல்பூச்சும் வெட்டுப்படுவதால் அங்கே துருப்பிடிக்கும். அந்தக் கோட்டின் மேல் மீண்டும் அரக்குப் பூச்சு கொடுப்பது தனியொரு வேலை.

இதை வீட்டில் நினைவில் வைப்பது நல்லது. திறப்பதற்கு முன்பே மூடி உப்பி நிற்கும் டின்னுக்குள் கிருமிகள் வளர்ந்து வாயு உண்டாகியிருக்கலாம். போட்டுலிசம் என்னும் உயிர்கொல்லி நோயை உண்டாக்கும் நஞ்சு அதில் இருக்கக்கூடும். அந்த டின்னைத் திறக்கவும் கூடாது, சுவைத்துப் பார்க்கவும் கூடாது. விளிம்பு மடிப்பில் ஆழமாக நசுங்கிய டின்னையும் வாங்காதீர்கள்.

முழுதாகத் திறக்கும் மூடியின் ஆபத்து, அதன் கிழிந்த விளிம்பு. கடைசி நொடியில் தகடு வெடுக்கென்று விடுபடும்போது எண்ணெய் தெறிக்கும், விரல் வெட்டுப்படும். கீறலின் இருபுறமும் தகட்டை மடித்து, கிழிந்த ஓரம் மடிப்புக்குள் மறையும்படி செய்வது ஒரு தீர்வு. தகட்டுக்குப் பதிலாக அலுமினியத் தாளை ஒரு வளையத்தின் மேல் சூட்டில் ஒட்டி, உரித்தெடுக்கும்படி செய்வது இன்னொன்று. தாளை உரிக்கக் குறைந்த பலம் போதும், ஓரமும் வெட்டாது. ஆனால் கூரான பொருள் பட்டால் தாள் பொத்துப்போகும். வேகவைக்கும்போதும் உள்ளழுத்தத்துக்கு ஈடாக வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். எளிமைக்கு விலை உண்டு. அதை யார் சுமப்பது என்பதே கேள்வி, தொழிற்சாலையா, திறக்கும் கையா?

யாருடைய கை?

மூடியைச் சோதிக்கும் இயந்திரம் இழுவிசையைத் துல்லியமாக அளந்து சொல்லும். ஆனால் டின்னைத் திறப்பது இயந்திரம் அல்ல. வயது ஏற ஏறப் பிடிபலம் குறைகிறது. முடக்குவாதம் வந்த கைக்கு முழங்கையின் பலம் இருந்தாலும் விரல் நுனியைக் கிள்ளிப் பிடிக்கும் பலம் இருக்காது. பார்வை மங்கியவருக்கு வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. வளையத்துக்கு அடியில் விரல் பள்ளத்தை ஆழமாக்கினாலோ வளையத்தைக் கொஞ்சம் நீட்டினாலோ இவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். நகம் உடையாமல் விரல் உள்ளே போகும். நெம்புகோல் நீண்டால் தேவைப்படும் பலம் குறையும்.

இதை உணர்ந்த இடங்களில் மாற்றம் வந்திருக்கிறது. ஜப்பானில், தடவிப் பார்ப்பவர் குளிர்பானம் என்று ஏமாறாமல் இருக்க, மதுபான டின்களின் மூடியில் பிரெய்ல் எழுத்துப் பொறிக்கிறார்கள். உறைகளும் டின்களும் எளிதில் திறக்க வேண்டும் என்பதற்காகவே 2015இல் ஐ.எஸ்.ஓ. 17480 என்னும் சர்வதேசத் தரம் வெளியானது. அமெரிக்காவின் ஆர்த்ரைட்டிஸ் ஃபவுண்டேஷன், மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கையாள எளிதான பொருட்களைச் சோதித்து முத்திரை தருகிறது.

நம் வீடுகளில் டின் திறக்க முடியாமல் தவிக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள். குறை கையில் இல்லை. 100 கிலோ விசையைத் தாங்கும் தகட்டை ஒரு விரலுக்குப் பணியவைக்க முடிந்திருக்கிறது என்றால், அதை நடுங்கும் விரலுக்கும் பணியவைக்க முடியும். பலசாலிக்கு மட்டும் திறக்கும் மூடி, வேலை முடியாத மூடி.

உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், நகத்தால் நெம்பவிடாமல் கரண்டிக் காம்பை வளையத்தின் அடியில் நுழைத்துத் தூக்கச் சொல்லுங்கள். அதே நெம்புகோல் விதி அங்கேயும் உதவும். அதோடு நிற்காதீர்கள். இந்தியாவில் பொட்டலமிட்டு விற்கும் ஒவ்வொரு பொருளின் மேலும் நுகர்வோர் தொடர்பு விவரம் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்த எண்ணை அழையுங்கள், அந்த முகவரிக்கு எழுதுங்கள். எந்த டின், யாருடைய கை, எங்கே சிக்கியது என்று சொல்லுங்கள். மூடியை வடிவமைப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள அளவீடு வேறில்லை.